வீட்டுக் காது

தொண்டைக்கென்று தனியாக ஒரு டாக்டர் எதற்கு என்று முதன்முதலில் கேட்டவர் டாக்டரம்மாவின் அப்பாதான். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர். உலகத்தில் உள்ள அத்தனை சங்கதிக்கும் ஒரு தீர்ப்பு கைவசம் வைத்திருப்பார். "இதயத்துக்கு டாக்டர், சரி. கண்ணுக்கு டாக்டர், அதுவும் சரி. தொண்டை கட்டிக்கிட்டா வெந்நீர் குடிச்சா போச்சு. அதுக்குப் போய் யாராவது இத்தனை வருஷம் படிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்குத் தானே சிரித்தும் கொண்டார்.

கல்லூரியில் பேராசிரியர்கள் சிரிக்கவில்லை, எரிந்து விழுந்தார்கள். பெண் பிள்ளை என்றால் பிரசவ வார்டு, இல்லாவிட்டால் குழந்தைகள் வார்டு என்பது அப்போது எழுதாத சட்டம். "தொண்டைக்குள்ள போய் என்னம்மா தேடப் போற?" என்றார் பேராசிரியர். "குரல் எங்கே கெட்டுப்போகுதுன்னு தேடப் போறேன் சார்" என்று இவர் சொன்னாராம். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் பிற்காலத்தில் அவரவர் வீட்டு ஆட்களைத் தொண்டை வலி என்று இவரிடம்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தபோது யாருக்கும் பழைய சிரிப்பு ஞாபகம் இல்லை. டாக்டரம்மாவுக்கு இருந்தது.

அவருக்கு இயற்கையாகவே ஒரு காது. போனில் ஒரு நிமிஷம் பேசினால் போதும், சளி மூக்கில் இருக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா, ராத்திரி வயிற்றுப் புளிப்பு தொண்டைக்கு ஏறுகிறதா என்று சொல்லிவிடுவார். அவருடைய கணவர் பள்ளிக்கூட வாத்தியார், சாது. "ஊர்ல இருக்கற எல்லார் குரலையும் கேக்கற, என் பேச்சை மட்டும் கேக்க மாட்டேங்கற" என்று அவ்வப்போது சொல்வார். அவர் சொல்வதும் இவர் காதில் விழும். விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அறை தரைத்தளத்தின் கடைசி மூலை. ஒட்டினாற்போலச் சலவைக்கூடம். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தப் பெரிய இயந்திரம் தடதடவென்று போர்வையும் படுக்கை விரிப்பும் துவைத்துக்கொண்டே இருக்கும். குரலைக் கேட்டு வைத்தியம் பார்க்கிறவருக்குச் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கின புத்திசாலியை என்னவென்று சொல்வது! அந்தப் புத்திசாலி வேறு யாருமில்லை, அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர். எல்லாரும் அவரைப் 'பெரியவர்' என்பார்கள். நல்ல கை, கெட்ட வாய். தனக்குக் கீழே இருக்கிறவர்கள் வளர்வது மட்டும் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

டாக்டரம்மா அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் தன் வேலையைக் கண்டுபிடித்தார்.

தொண்டைக்குள் குரல் நாண்கள் இரண்டு. இரட்டைக் கதவு மாதிரி. பேசும்போது இரண்டும் நடுவில் வந்து சேர வேண்டும். ஒரு பக்கத்து நரம்பு செத்துப்போனால் அந்தக் கதவு பாதியில் நின்றுவிடும். காற்று சந்து வழியாகப் போய்விடும், மனிதன் வாயசைப்பான், புஸ்ஸென்று சத்தம் வரும். இப்படி வந்தவர்களுக்கு அந்த ஊரில் அதுவரை ஒரே வைத்தியம்தான்: "பழகிக்கோங்க." டாக்டரம்மா பழகிக்கொள்ளச் சொல்லவில்லை. நின்றுபோன கதவுக்குப் பின்னால் ஒரு ஆப்பு வைத்து, அதை நடுவுக்குத் தள்ளிவிட்டால் என்ன என்று யோசித்தார். வெளிநாட்டில் எங்கேயோ செய்கிறார்கள் என்று படித்திருந்தார். சொல்லித்தர ஆளில்லை. இறைச்சிக் கடையில் போய் ஆட்டுக் குரல்வளை வாங்கி வந்து வீட்டில் வெட்டிப் பழகினார். கடைக்காரர், "என்னம்மா, நல்ல கறியெல்லாம் விட்டுட்டு எப்பவும் தொண்டையையே கேக்கறீங்க?" என்பார். வாத்தியார் பாலெடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தால் பாலுக்குப் பக்கத்தில் வரிசையாக ஆட்டுத் தொண்டை. மனுஷன் கறுப்புக் காப்பிக்கு மாறினார், வாயைத் திறக்கவில்லை.

முதல் ஆள் ஒரு தபால்காரர். காய்ச்சலில் குரல் போய்விட்டது. கழுத்தில் சின்னதாக வெட்டி, குருத்தெலும்பில் ஜன்னல் மாதிரி ஒரு துளை போட்டு, சிலிக்கோன் ரப்பரைக் கத்தியால் சீவிச் சீவி ஆப்பாக்கி உள்ளே செருகினார். மனுஷன் முழித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். கழுத்துக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. "ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க" என்பார் டாக்டரம்மா. குரல் கரகரத்தால் ஆப்பை எடுத்து இன்னும் கொஞ்சம் சீவுவார், காற்று ஒழுகினால் தடிமனாக வேறொன்று சீவுவார். தபால்காரர் எண்ணிக்கொண்டே இருக்க, குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மேடம், ஸ்டேஷன் கிடைச்சிடுச்சா?" என்றார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க டாக்டரம்மாவுக்கு 'ரேடியோ அம்மா' என்று பேராகிவிட்டது.

ஆனால் தபால்காரரின் மனைவி பத்து நாள் கழித்துத் தனியாக வந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "குரல் ரொம்ப நல்லா இருக்கு டாக்டர். கம்பீரமா இருக்கு. ஆனா அவர் குரல் இல்ல. விளக்கை அணைச்சிட்டுப் பேசினா யாரோ ஒரு ஆம்பளை வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி திக்குனு இருக்கு."

டாக்டரம்மாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது நியாயம். குரல் போன பிறகுதானே ஆட்கள் இவரிடம் வருகிறார்கள்? பழைய குரல் எப்படி இருந்ததென்று இவருக்கு எப்படித் தெரியும்? தனக்குப் பிடித்த குரலை வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார். தபால்காரரை மறுபடி மேஜையில் படுக்க வைத்து, அவர் மனைவிக்கும் பச்சை அங்கி மாட்டி, முகமூடி கட்டி, ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஆப்பைச் சீவச் சீவ அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தாள். திடீரென்று கையைத் தட்டி, "இதுதான்! இப்படித்தான் மூக்கால பேசுவார்! இந்த இழவுக் குரலைத்தான் நான் இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று அழுதாள். மேஜையில் கிடந்த தபால்காரரும் அழுதார். மயக்க மருந்து டாக்டர் மட்டும், "அழாதீங்க சார், கழுத்து ஆடுது" என்றார்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா வீட்டு ஆள் ஒருவர் ஸ்டூலில் உட்காராமல் கத்தியைத் தொட்டதில்லை. அந்த ஆளுக்கு 'வீட்டுக் காது' என்று பேர் வைத்தார். "குரல் அவங்க தொண்டைல இருக்கு. அதோட அளவு வீட்டு ஆளோட காதுலதான் இருக்கு" என்பார். வீட்டுக் காது போதும் என்று சொன்னால் போதும், அதற்குமேல் ஒரு நூல்கூடக் கிடையாது. இது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். ஒரு மாமியார் வந்து மருமகனுக்காக ஸ்டூலில் உட்கார்ந்து, "இல்ல, இன்னும் கொஞ்சம் பணிவா இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி எல்லார் உயிரையும் எடுத்துவிட்டாள். அதையும் டாக்டரம்மா பொறுத்துக்கொண்டார். இரண்டு சகோதரர்கள் தம்பி குரல் எது என்று ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே சண்டை போட்டார்கள். அதையும் பொறுத்தார்.

பெரியவர் பொறுக்கவில்லை. "கண்டவங்களை எல்லாம் தியேட்டருக்குள்ள விட்டா இது ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கத்தினார். கிருமி வரும் என்றார், பேர் கெடும் என்றார். டாக்டரம்மாவுக்கு இருந்தது வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை தியேட்டர். அதையும் பிடுங்கிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைந்தார். அது போய்விட்டால் டாக்டரம்மா ஆயுசு முழுக்க டான்சில் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வரிசையில் காத்திருக்கும் குரல் போனவர்கள் பழையபடி பழகிக்கொள்ள வேண்டியதுதான். வருஷக்கணக்காக ஆட்டுத் தொண்டையோடு மல்லுக்கட்டினதெல்லாம் பாழ்.

அப்போதுதான் பெரியவர் கையே சறுக்கியது.

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிற ஒருவர் இருந்தார். சந்தையில் அவருக்கு 'வெண்கலம்' என்று பட்டப்பேர். அவர் தக்காளிக்கு விலை கூவினால் மூன்று தெரு தள்ளி இருக்கிறவர்களுக்கு அன்றைய விலை தெரிந்துவிடும், அப்படியொரு தொண்டை. அவருக்குக் கழுத்தில் தைராய்டுக் கட்டி. பெரியவர்தான் அறுத்து எடுத்தார். எடுக்கும்போது குரலுக்குப் போகிற நரம்பில் கத்தி பட்டுவிட்டது. வெண்கலம் கண் விழித்தபோது குரல் காற்றுப்போன டயர் மாதிரி ஆகியிருந்தது.

பெரியவர் அதை வெளியே விடுவாரா? டாக்டரம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார், முதல் தடவையாக உட்காரவும் சொன்னார். "உன் ரேடியோ வேலையை இவன்கிட்ட காட்டு. நிர்வாகக் குழு ஆளுங்களும் வந்து பாப்பாங்க. பழைய குரல் முழுசா வந்துட்டா உனக்குத் தனிப் பிரிவே போட்டுத் தரச் சொல்றேன். வரலைன்னா வியாழக்கிழமையும் கிடையாது, ஸ்டூலும் கிடையாது. சரிதானே?" என்றார். நரம்பை வெட்டினவர் அவர், பரீட்சை இவருக்கு. ஆனாலும் டாக்டரம்மா சரி என்றார். வேறென்ன சொல்வார்?

வெண்கலம் மனைவியோடு வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் வாயசைத்தார், மனைவி அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் மேஜையைத் தட்டினார். ஒரு தடவை தட்டினால் திரும்பினாள், இரண்டு தடவை தட்டினால் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"வீட்ல எப்படிப் பேசுவார்? மெதுவாவா, சத்தமாவா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நிறையப் பேசுவார்" என்றாள் அவள்.

பரிசோதனை முடிந்து கணவன் முன்னால் போன பிறகு, அவள் மட்டும் கதவுப் பக்கத்தில் நின்றாள். சலவை இயந்திரத்தின் சத்தத்தில் சொல்வது சரியாகக் கேட்கவில்லை. டாக்டரம்மா எழுந்து கிட்டே போனார்.

"டாக்டர், ஆபரேஷன் பண்ணினா முழுசா வந்துடுமா?"

"வரும்மா."

"கொஞ்சமா வந்தாலும் போதும். சந்தைல இப்போ மைக் வச்சுக்கறாங்க. கொஞ்சம் சத்தம் இருந்தா அதுல பேசிப் பொழைச்சுக்கலாம். முழுசா வரணும்னு ஒண்ணும் இல்லை."

டாக்டரம்மா அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். "பயப்படாதீங்க. பழைய குரலை அப்படியே வரவழைச்சுத் தர்றேன். நீங்கதானே வீட்டுக் காது? நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் விடமாட்டேன்." ஐயோ, அந்தத் தைரியத்தை என்ன சொல்ல! நூறு பேர் குரலில் நூறு வியாதியைக் கண்டுபிடித்த காதுக்கு இந்த ஒருத்தி குரலில் இருந்தது மட்டும் பிடிபடவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை தியேட்டரில் நிற்க இடமில்லை. பெரியவர், நிர்வாகக் குழுவில் இருந்து இரண்டு பேர், வேடிக்கை பார்க்க வந்த சின்ன டாக்டர்கள். ஒலிப்பதிவுக் கருவியைக்கூடக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெண்கலத்தின் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. டாக்டரம்மா கழுத்தைத் திறந்து, துளை போட்டு, முதல் ஆப்பைச் சீவிச் செருகினார்.

"எண்ணுங்க."

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

குரல் வந்துவிட்டது! மெல்லிய குரல். கொஞ்சம் காற்று கலந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே 'என்ன சமையல்' என்று கேட்கிற மனிதனின் குரல் மாதிரி, சாதாரணமாக, இதமாக இருந்தது.

"போதும் டாக்டர்" என்றாள் மனைவி. "இதுதான். இதேதான்."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா, இதுவா? சந்தையையே தூக்கி நிறுத்தினவன்யா இவன்!" குழு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மாவுக்கும் தெரியும், இது முழுக் குரல் இல்லை. கதவில் இன்னும் சந்து இருக்கிறது, ஆப்பு இன்னும் தடிமனாக வேண்டும். அவர் காது பொய் சொல்லாது. அப்படியென்றால் ஸ்டூலில் இருக்கிறவள் பொய் சொல்கிறாள். ஏன்? டாக்டரம்மா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தார். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, புருஷன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை ஓரத்தில் தொங்கின அந்தப் பெரிய கையை. எட்டாத தூரத்தில் ஸ்டூலை நகர்த்திப் போட்டிருந்தாள்.

அந்த நொடியில் டாக்டரம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேஜையைத் தட்டினது, தண்ணீர் கொடுத்தது, 'நிறையப் பேசுவார்' என்றது, 'கொஞ்சமா வந்தாலும் போதும்' என்று கெஞ்சினது, எல்லாம். விளங்காமல் செய்துவிட்டார் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய்.

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றார். தப்பு விடை சொன்ன பிள்ளைக்கு வாத்தியார் இன்னொரு வாய்ப்புக் கொடுப்பாரே, அந்தக் குரலில்.

"இதேதான் டாக்டர். எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் குரல்தானே? போதும். தைச்சுடுங்க."

தைத்திருக்கலாம். சட்டம் இவர் போட்டதுதானே? வீட்டுக் காது போதும் என்றால் போதும், ஒரு நூல்கூடக் கிடையாது. மாமியாருக்கும் சண்டைபோட்ட அண்ணன்மாருக்கும் வளைந்துகொடுத்த சட்டம். ஆனால் எதிரே பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவர் உதட்டோரத்தில் ஒரு இளிப்பு. வியாழக்கிழமை போகும், வரிசையில் இருக்கிறவர்கள் கதி என்னாகும், இத்தனை வருஷ உழைப்பு என்னாகும். அதோடு இன்னொன்றும் இருந்தது, மறைப்பானேன்? இந்தத் தொண்டைக்குள் அந்த வெண்கலக் குரல் கிடக்கிறது, தன் கையால் அதை எழுப்ப முடியும் என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்காமல் தைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பாவம், பதட்டத்துல இருக்காங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, தடிமனாக ஒரு ஆப்பைச் சீவினார். ஆப்பு உள்ளே போய் உட்கார்ந்தது.

"இப்ப பேசுங்க. எண்ண வேண்டாம், ஏதாவது பேசுங்க."

வெண்கலம் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலே சுவரில் மோதித் திரும்பியது. கண்ணை மட்டும் ஸ்டூல் பக்கம் உருட்டினார்.

"என்னடி மரம் மாதிரி உக்காந்திருக்கற, தண்டம்! கிட்ட வா!"

தியேட்டரே அதிர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், கையுறை போட்ட கைகள் பொத்துப் பொத்தென்று. குழு ஆட்களில் ஒருவர், "அடேயப்பா!" என்றார். பெரியவர்கூட, "பேஷ், பழைய ஆள் வந்துட்டான்யா" என்று சிரித்தார். முறையை விடக்கூடாதல்லவா? டாக்டரம்மா ஸ்டூல் பக்கம் திரும்பி, "இப்ப சரியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம் டாக்டர்" என்றாள் அவள். "இதுதான் அவர்."

டாக்டரம்மா தைத்தார்.

அன்று சாயங்காலம் வாத்தியாரிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். தனிப் பிரிவு, சலவைக்கூடத்தை விட்டு மேல்தளத்தில் அறை, எல்லாம். வாத்தியார் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார். "அந்தம்மா தலையாட்டினாங்களா?"

"கடைசில ஆட்டினாங்க."

"கடைசிலயா?" என்றார் வாத்தியார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் தேவலை என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது.

பெரியவர் வாக்குத் தவறவில்லை. நரம்பை வெட்டினது யாரென்று யாரும் கேட்காதபடி வெற்றி பெரிதாக இருந்ததில் அவருக்குத்தான் ஏக சந்தோஷம். மேல்தளத்தில் அமைதியான அறை வந்தது, கதவில் பலகை வந்தது. அந்த ஒலிப்பதிவு ஊர் ஊராகப் போனது. பெரிய பெரிய மாநாடுகளில் டாக்டரம்மா மேடையேறி, முதலில் காற்றுப்போன குரலைப் போட்டுக் காட்டுவார், அடுத்து இதைப் போடுவார். 'என்னடி மரம் மாதிரி உக்காந்திருக்கற, தண்டம்! கிட்ட வா!' அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். பாஷை தெரியாத வெளிநாட்டு டாக்டர் ஒருத்தர், "அவர் என்ன சொல்றார்?" என்று ஆசையாகக் கேட்டார். டாக்டரம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "மனைவியைப் பக்கத்துல வரச் சொல்றார்" என்றார். "ஆஹா!" என்று அரங்கம் உருகிவிட்டது. பொய் என்று சொல்ல முடியுமா? அட்சரம் பிசகாத உண்மை! அன்று ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் அவர் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறு வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது, வெண்கலத்தின் மனைவி டாக்டரம்மாவின் புது அறைக்குள் வந்தாள். கூடவே ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடச் சீருடையில். கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"பொண்ணுக்குக் குரல் வரமாட்டேங்குது டாக்டர். ரெண்டு மாசமாச்சு."

டாக்டரம்மா குழந்தையின் நாக்கைப் பிடித்து, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு டிவியிலும் பார்த்தார். இரண்டு நாணும் வெள்ளை வெளேரென்று, ஒரு குறை இல்லை. இருமச் சொன்னால் இரண்டும் ஓடி வந்து நடுவில் சேர்கின்றன, இருமல் கணீரென்று வருகிறது. "பேர் சொல்லும்மா" என்றால் மட்டும் உதடு அசைகிறது, சத்தம் இல்லை.

"தொண்டைல ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "எல்லாம் நல்லா இருக்கு."

"தெரியும்."

"அப்புறம்?"

"அவருக்குக் குரல் இல்லாம இருந்துச்சே, அப்ப இவ வாயை மூட முடியாது டாக்டர். ஸ்கூல்ல நடந்தது, தெருவுல நடந்தது, ஒண்ணு விடாம சொல்லுவா. சாப்பிடும்போதும் பேச்சு, குளிக்கும்போதும் பேச்சு. இவளுக்கு இவ்வளவு பேசத் தெரியும்னே எனக்கு அப்பதான் தெரியும். அவர் மேஜையைத் தட்டுவார், இவ சிரிப்பா. தட்டினா என்ன பெரிசா பயம் வரும்? குரல் வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுச்சு. இப்ப சுத்தமா நின்னுடுச்சு."

டாக்டரம்மா குழந்தையின் தாடையிலிருந்து கையை எடுத்தார். மனநல டாக்டரைப் பார்க்கலாம், எழுதித் தருகிறேன், பயிற்சி இருக்கிறது என்று ஏதேதோ சொன்னார். சொன்னதெல்லாம் சரியான வைத்தியம்தான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் கூட்டிட்டுப் போறேன் டாக்டர். நான் வேற ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அந்த ஆப்பு இருக்கே, அதை எடுத்துட்டு முதல்ல வச்சீங்களே, அந்தச் சின்னதை மறுபடி வைக்க முடியுமா?"

வைக்க முடியும். மறுபடி திறந்து, எடுத்து, சின்னதைச் செருகித் தைக்க வேண்டியதுதான். வெகு சுலபம். அது டாக்டரம்மாவுக்கும் தெரியும், அவளுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது.

"அவர் சம்மதிக்கணுமேம்மா" என்றார் டாக்டரம்மா. "அவரைக் கேக்காம அவர் தொண்டைல நான் கை வைக்க முடியாது."

"அது நியாயம்தான்" என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் கொடுமை. "அப்ப என்னை எதுக்கு டாக்டர் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சீங்க? நான் போதும்னு சொன்னேனே. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சொன்னேன். உங்களுக்குப் புரிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். என்னை நிமிர்ந்து பார்த்தீங்களே."

"புரிஞ்சுது" என்றார் டாக்டரம்மா. "தப்புப் பண்ணிட்டேன்மா. தெரிஞ்சேதான்..."

"மெதுவா டாக்டர்" என்று அவள் சட்டென்று கையைக் காட்டினாள். "வெளியதான் உக்காந்திருக்கார்."

சொல்லி வாய் மூடவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்டி உள்ள? செத்துட்டீங்களா ரெண்டு பேரும்?" சாத்தின கதவைத் தாண்டி, மேல்தளம் முழுக்க அந்தக் குரல் மணி அடித்தாற்போல வந்தது. ஒரு பிசிறு இல்லை, ஒரு துளி காற்று ஒழுகவில்லை. டாக்டரம்மா தன் ஆயுசில் வைத்த குரல்களிலேயே ஆகச் சிறந்த குரல். குழந்தை அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கதவைத் திறந்தாள்.

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள், கழுத்தில் துணி சுற்றினவர்களும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்களும், அத்தனை பேரும் அந்த ஆளையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா? நம்ம டாக்டரம்மா கொடுத்த குரல்" என்றாள். "உங்களுக்கும் இதே மாதிரி வந்துடும், கவலைப்படாதீங்க."